நாள் தள்ளிப்போகும் முன்

"குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறோம்" என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் நாங்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய மனப்பாடம். கடைசி மாதவிடாய் எப்போது, தைராய்டு பார்த்தாயிற்றா, சர்க்கரை உண்டா, ஹீமோகுளோபின் எவ்வளவு, ரூபெல்லா ஊசி போட்டதா. ஃபோலிக் அமில மாத்திரை எழுதிக் கொடுப்போம். கருப்பையையும் சினைப்பையையும் ஸ்கேனில் பார்த்துப் பக்கம் பக்கமாகப் பேசுவோம். அந்தக் கருப்பையின் வாயை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

அந்த வாயைப் பார்ப்பதற்கு, கருத்தரிப்புக்கு முந்தைய நாலைந்து மாதங்களைவிட நல்ல காலம் பெரும்பாலான பெண்களுக்குக் கிடைப்பதில்லை. நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் எல்லாக் கேள்விக்கும் "பிரசவம் முடியட்டும்" என்பதே பதில். பிறகு பால் மறக்கட்டும், பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும், அடுத்த பிள்ளை பிறக்கட்டும். அப்படியே நாற்பது வந்துவிடும். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாட்டு நிலவரத்தைவிட ஐந்து மடங்கு என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது பேர் பார்த்ததே இல்லை என்றும் படிக்கலாம். 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள்.

மெதுவாக வரும் நோய்

புற்றுநோய்களில் இது ஒரு விதத்தில் விசித்திரமானது. காரணம் தெரியும், வரும் வழி தெரியும், வருவதற்கு முன்பே தடுக்கவும் தெரியும். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., என்ற கிருமிதான் ஏறக்குறைய எல்லாக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் வேர். ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சுர் ஹவுசன் இதைச் சொன்னபோது சக ஆய்வாளர்கள் எளிதில் ஏற்கவில்லை. அந்தக் கண்டுபிடிப்புக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எச்.பி.வி.யில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில, கைகால்களில் சாதாரண மருவை உண்டாக்கும். ஏறத்தாழ பதினான்கு வகைகள் புற்றுநோய்க்கு வழிவிடக்கூடியவை. அவற்றில் 16, 18 என்ற இரண்டு வகைகளே பத்தில் ஏழு கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். தாம்பத்தியத்தில் தோலோடு தோல் தொடும்போது பரவுவதால் ஆணுறை ஓரளவே தடுக்கும். திருமண வாழ்க்கையில் நுழைந்தவர்களில் பெரும்பாலோரை இந்தக் கிருமி ஒருமுறையாவது தொட்டுச் சென்றிருக்கும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதை அப்புறப்படுத்திவிடும். சிலரிடம் மட்டும் அது தங்கிவிடும். தங்கிய கிருமி செல்களை மாற்றி, அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்தக் காலம் சுருங்கும். புகைப்பழக்கமும் இதைத் தூண்டிவிடும். 27 வயதில் தங்கத் தொடங்கிய கிருமி 45 வயதில் முகம் காட்டலாம். நடுவில் வலி இல்லை, வெள்ளைப்படுதல் இல்லை, ஒன்றும் இல்லை. "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே" என்று சொல்பவர்களைத்தான் நான் விடாமல் பரிசோதனைக்கு அனுப்புகிறேன்.

ஊசி: யாருக்கு, எத்தனை, எப்போது

எச்.பி.வி. தடுப்பூசி ஏற்கெனவே தங்கியிருக்கும் கிருமியை விரட்டாது. இனி வரப்போகும் வகைகளைத்தான் தடுக்கும். அதனால்தான் ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் போடுவது சிறந்தது. இலங்கை 2017 முதல் ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்குப் பள்ளியிலேயே போடுகிறது. தமிழ்நாடு 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகப் போடுவதற்கு 2025 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. இந்தப் புத்தகத்தை வாசிக்கும் உங்களுக்கு அந்த வயது கடந்துவிட்டது. இனிப் போட்டுப் பயன் உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. ஸ்வீடனில் 10 முதல் 30 வயதுவரையிலான பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், பதினேழு வயதுக்கு முன் ஊசி போட்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. பதினேழுக்கும் முப்பதுக்கும் இடையில் போட்டவர்களிடம் 53 சதவீதம். பாதிக்குப் பாதி ஆபத்து குறைவது சின்ன விஷயமல்ல. இருபத்தாறு வயதுவரை தயங்காமல் போடுங்கள் என்பேன். அதற்கு மேல் நாற்பத்தைந்துவரை, மருத்துவரோடு பேசி, பையில் உள்ள பணத்தையும் பார்த்து முடிவு செய்யலாம். முப்பது வயதில், ஊசியா பரிசோதனையா, ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், பரிசோதனை.

நம் நாட்டில் இரண்டு வகை ஊசிகளைப் பற்றி அதிகம் கேள்விப்படுவீர்கள். ஒன்று, புனேவின் சீரம் நிறுவனம் தயாரித்து 2023 ஜனவரியில் அறிமுகமான செர்வாவாக். 6, 11, 16, 18 என்ற நான்கு வகைகளைத் தடுக்கும். மற்றொன்று, ஒன்பது வகைகளைத் தடுக்கும் கார்டசில் 9. பின்னது வெளிநாட்டுச் சரக்கு, விலை பல மடங்கு. "டாக்டர், ஒன்பதுதானே நல்லது, நாலு போட்டா பாதிதானே பாதுகாப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. இது பாதிக் கணக்கு அல்ல. முக்கியமான 16-ம் 18-ம் இரண்டிலுமே இருக்கின்றன. ஒன்பதுக்குப் பணம் சேரட்டும் என்று இரண்டு வருடம் காத்திருப்பதைவிட நாலை இன்றே போட்டுக்கொள்வது மேல்.

பதினைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு நம் மருத்துவர்கள் வழக்கமாக மூன்று தவணை எழுதுகிறார்கள். முதல் ஊசி, இரண்டு மாதம் கழித்து அடுத்தது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் மூன்றாவது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இதைத் தளர்த்தி, இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை போதும் என்றது. எதைப் பின்பற்றுவது என்று உங்கள் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். எச்.ஐ.வி. இருப்பவர்கள் மூன்று தவணைக்கே முயல வேண்டும்.

இப்போது ஒரே ஊசி போதும் என்ற பேச்சும் காதில் விழும். அதன் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆந்திரத்திலும் குஜராத்திலும் 2009-ல் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டுப் பார்க்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. அதில் பங்கேற்றவர்களில் ஏழு பேர் இறந்தார்கள். பாம்புக்கடி, மலேரியா, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து என்று காரணங்கள் வேறு வேறு. ஊசிக்குத் தொடர்பில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் சம்மதம் வாங்கிய முறையில் பெரிய ஓட்டைகள் இருந்தன. கோபம் நியாயமானதே. 2010-ல் இந்த ஊசி ஆய்வுகளை எல்லாம் அரசு நிறுத்தியதில், தனியே நடந்துகொண்டிருந்த இன்னோர் ஆய்வின் சிறுமிகள் பலர் ஒரே தவணையோடு நின்றுபோனார்கள். அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது ஒரு தவணையே 16, 18 வகைகளை நன்றாகத் தடுத்திருப்பது தெரியவந்தது. உலகமே தவணையைக் குறைக்கத் துணிந்ததற்கு அந்தச் சிறுமிகளும் ஒரு காரணம். ஆனால் அவர்கள் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள். இருபத்தெட்டு வயதில் நீங்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள அது அனுமதிச் சீட்டு அல்ல.

நம் வீட்டு நாட்காட்டிக்கு இந்தக் கணக்கு எளிதாகப் பொருந்தும். தை மாதக் கல்யாணம் என்றால் ஐப்பசியில் முதல் ஊசி, மார்கழியில் இரண்டாவது, சித்திரையில் மூன்றாவது. பட்டுப்புடவை எடுக்கப் போகும்போதே முதல் ஊசியை முடித்துவிடலாம். கல்யாணத்துக்கு முன்னால் இது எதற்கு என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லுங்கள். சித்திரையில் பிள்ளை பிறந்துவிடக் கூடாது என்று ஆடியில் புதுத் தம்பதியைப் பிரித்து வைக்கும் ஊர் நம்முடையது. கருத்தரிப்பை மாதக் கணக்குப் போட்டுத் திட்டமிடுவது நமக்குப் புதிதா என்ன?

ஊசி போட்டதும் பதினைந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். சிலருக்குத் தலைசுற்றி மயக்கம் வரும். கை இரண்டு நாள் வலிக்கும், லேசாகக் காய்ச்சலும் வரலாம். ஈஸ்ட்டுக்குக் கடுமையான ஒவ்வாமை இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஊசிகளுக்கு நடுவில் கருத்தரித்துவிட்டால்

ஒருமுறை மாமியாரும் மருமகளும் பதறிக்கொண்டு வந்தார்கள். "ரெண்டாவது ஊசியும் போட்டுட்டேன் டாக்டர். இப்போ நாள் தள்ளிப்போய் அஞ்சு நாள் ஆச்சு. டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், ரெண்டு கோடு வந்திருக்கு." மருமகள் முடிப்பதற்குள் மாமியார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கலைச்சிடணுங்களா டாக்டரம்மா?"

வேண்டாம். வேண்டவே வேண்டாம். இந்தப் பயத்தில் யாரும் ஒரு கருவைக்கூட இழந்துவிடக் கூடாது.

இந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, கிருமியின் மரபுப்பொருளும் இல்லை. அதன் மேலோட்டின் புரதத்தை மட்டும் ஆய்வகத்தில் உருவாக்கிச் சேர்த்திருக்கிறார்கள். உள்ளே அரிசி இல்லாத பதர் மாதிரி. அது முளைக்காது, ஆனால் நெல் எப்படியிருக்கும் என்று உடம்புக்கு அடையாளம் காட்டிவிடும். டென்மார்க்கில், கர்ப்பம் தெரியாமலேயே ஊசி போட்டுக்கொண்ட பெண்களின் கர்ப்பங்களை ஆராய்ந்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. கருச்சிதைவோ, குறைப்பிரசவமோ, பிறவிக் குறையோ கூடியிருப்பதாக அதில் தெரியவில்லை.

ஆனாலும் கர்ப்பம் என்று தெரிந்த பிறகு வேண்டுமென்றே போடுவதில்லை. மீதித் தவணைகளைப் பிரசவத்துக்குப் பின் தள்ளிவைப்போம். முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இடைவெளி ஒரு வருடம் ஆனாலும் போட்ட ஊசி வீணாகாது. தாய்ப்பால் கொடுக்கும்போது போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதே காரணத்தால் ஊசி போட்டபின் கருத்தரிக்க இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் இதற்கு இல்லை. பலர் ரூபெல்லாவோடு குழப்பிக்கொள்கிறார்கள். ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர்., சின்னம்மைக்கான வேரிசெல்லா இரண்டும் உயிருள்ள, வலுக்குறைத்த கிருமிகளால் ஆனவை. அவற்றுக்குப் பிறகுதான் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எம்.எம்.ஆரும் எச்.பி.வி. ஊசியும் ஒரே நாளில் போடலாம். ஒரு கையில் ஒன்று, மறு கையில் மற்றொன்று.

முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதில் முதல் குழந்தைக்கு முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று ஊசியும் முடியட்டும் என்று கருத்தரிப்பை ஆறு மாதம் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஆறு மாதத்துக்குச் சினைப்பையில் விலை உண்டு.

பார்த்துவிடுவது

ஊசி போட்டவர்களுக்கும் பரிசோதனை தேவை. எல்லா வகைகளையும் ஊசி தடுக்காது. உலக சுகாதார நிறுவனம் பொதுவாக முப்பது வயதிலிருந்து தொடங்கச் சொல்கிறது. பல நாடுகளில் இருபத்தைந்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். என் வழக்கம்: இருபத்தைந்து தாண்டி, திருமணமாகி மூன்று ஆண்டுகளாவது ஆகியிருந்தால், கருத்தரிப்புக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவேன். அதற்கும் இளையவர்களுக்கு வரும் சின்னச் சின்ன மாற்றங்கள் பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். தோண்டிப் பார்த்து வீண் வைத்தியம் செய்வதில்தான் போய் முடியும்.

வழிகள் மூன்று. பாப் ஸ்மியர் என்பது கருப்பை வாயிலிருந்து சில செல்களைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது. கிரேக்கத்தில் பிறந்த மருத்துவர் பாப்பனிகோலாவ் கண்டுபிடித்தது. அவர் மனைவி ஆண்ட்ரோமாகே ஆண்டுக்கணக்கில் தன் செல்களையே மாதிரியாகக் கொடுத்தார். பெயர் என்னவோ கணவருக்குத்தான் வாய்த்தது. இரண்டாவது, எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை. கிருமியையே நேரடியாகத் தேடுகிறது. முப்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதுவே நம்பகமானது. இல்லை என்று வந்துவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை. மூன்றாவது, வி.ஐ.ஏ. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, ஏறக்குறைய வினிகரைத்தான், கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பது. மாற்றம் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும்.

வினிகர் என்றதும் இளக்காரம் வேண்டாம். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை மருத்துவமனையும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2007-ல் வெளியானது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒருமுறை இப்படிப் பார்த்ததில், இந்தப் புற்றுநோயால் நேர்ந்த சாவு 35 சதவீதம் குறைந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் எச்.பி.வி. பரிசோதனையை ஒருமுறை செய்ததிலேயே சாவு பாதியானதை 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டில் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வி.ஐ.ஏ. இலவசம். கேட்டால் பார்ப்பார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மாதவிலக்கு நாட்களில் போகாதீர்கள். முந்தைய இரண்டு நாட்கள் தாம்பத்தியம் வேண்டாம். உள்ளே வைக்கும் மாத்திரை, களிம்பும் வேண்டாம். ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைக்கும்போது வலியைவிட ஒரு கூச்சமும் இறுக்கமும்தான் அதிகம். பெண் மருத்துவரோ செவிலியரோ வேண்டுமென்று கேட்பது உங்கள் உரிமை. மூச்சை அடக்காமல் மெதுவாக விடுங்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது

ரிப்போர்ட்டை வாங்கியதும் கைப்பேசியில் தேடிப் பார்த்து இரவெல்லாம் அழுதுவிட்டு மறுநாள் என்னிடம் வருகிறார்கள். 'என்.ஐ.எல்.எம்.' என்று இருந்தால் நல்ல செய்தி, மாற்றம் ஏதுமில்லை. 'இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர்' என்பது நம் ஊரில் அடிக்கடி வருவது. அது அழற்சி, புற்றுநோய் அல்ல. வெள்ளைப்படுதலோ அரிப்போ இருந்தால் அதற்கு மருந்து உண்டு. 'ஆஸ்கஸ்' என்றால் செல்கள் சற்றே சந்தேகத்துக்கு இடமாக இருக்கின்றன என்று பொருள், எச்.பி.வி. பரிசோதனை செய்து மேலே போவோம். 'எல்-சில்' லேசான மாற்றம், 'எச்-சில்' தீவிரமான மாற்றம். 'எச்-சில்' வந்தால் உருப்பெருக்கியால் கருப்பை வாயைப் பார்க்கும் கால்போஸ்கோப்பியைக் கருத்தரிப்புக்கு முன் கட்டாயம் முடித்துவிடுங்கள். இதுவும் புற்றுநோய் அல்ல, அதற்கு முந்தைய படி.

எச்.பி.வி. பாசிட்டிவ் என்ற முடிவுதான் வீடுகளை உலுக்குகிறது. "அவருக்கு வேற யாரோடயாவது..." என்று பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. மனைவியை அப்படிக் கேட்ட கணவர்களும் உண்டு. இந்தக் கிருமி வருடக்கணக்கில் அடங்கிக் கிடந்து எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும். யாரிடமிருந்து, எந்த வருடம் வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆண்களுக்கு இதைக் கண்டறிய வழக்கமான பரிசோதனை ஏதும் கிடையாது. இந்தக் காகிதம் சாட்சிக் கூண்டில் நிற்காது. கருத்தரிப்பதற்கும் இது தடையில்லை, சுகப்பிரசவத்துக்கும் தடையில்லை.

சுருக்குப் பை

கருப்பையைப் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப் பையாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதமும் அதன் வாய் இறுகியிருக்க வேண்டும். தீவிர மாற்றம் உள்ள இடத்தை மின்கம்பி வளையத்தால் வெட்டியெடுக்கும் லீப் சிகிச்சையிலும், கூம்பு வடிவில் அறுத்தெடுக்கும் கோனைசேஷனிலும் அந்த வாயில் ஒரு துண்டு போய்விடுகிறது. எடுத்த ஆழம் பத்து மில்லிமீட்டரைத் தாண்டினால் குறைப்பிரசவத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. இதற்காகப் பயந்து சிகிச்சையைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் "எனக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை" என்று மருத்துவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். தேவைக்கு மேல் எடுக்காமல் இருக்கவும், பொருத்தமான இடத்தில் வெட்டாமல் குளிராலோ வெப்பத்தாலோ கருக்கவும் வழி உண்டு. புண் ஆறும்வரை, குறைந்தது மூன்று நான்கு மாதம், கருத்தரிப்பைத் தள்ளிவையுங்கள். பிறகு கருத்தரித்ததும், லீப் செய்துகொண்டதை முதல் நாளே சொல்லிவிட்டால் ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தை அளந்து கவனித்துக்கொள்வோம்.

பரிசோதிக்காமலே கருத்தரித்துவிட்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை. கர்ப்பத்திலும் பாப் ஸ்மியர் எடுக்கலாம், கால்போஸ்கோப்பியும் செய்யலாம், குழந்தைக்குத் தீங்கில்லை. முன்நிலை மாற்றம் தெரிந்தால் கண்காணித்துவிட்டுப் பிரசவத்துக்குப் பின் வைத்தியம் செய்வோம். ஆனால் கர்ப்ப காலத்தில் உதிரம் பட்டால், குறிப்பாகத் தாம்பத்தியத்துக்குப் பின் பட்டால், "இது கர்ப்பத்தில் சகஜம்" என்று யார் சொன்னாலும் ஸ்பெகுலம் வைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பின் மீதி ஊசியை மறக்காமலிருக்க நான் சொல்லும் வழி ஒன்றுதான். குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி போடப் போகும் அன்று உங்கள் கணக்கையும் கேளுங்கள். காப்பர்-டி போடுவதென்றால் எப்படியும் ஸ்பெகுலம் வைப்பார்கள். பாப் ஸ்மியர் பாக்கியிருந்தால் அதையும் அப்போதே எடுக்கச் சொல்லலாம். கர்ப்ப காலத்துக் கோப்பில் கர்ப்பத்தைப் பதிவுசெய்த பிக்மி எண், ரத்த வகை, டெட்டனஸ் ஊசித் தேதி எல்லாம் இருக்கும். எச்.பி.வி.க்குத் தனிக் கட்டம் இல்லாவிட்டால் பின்னட்டையின் உள்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசிப் பரிசோதனை எந்தத் தேதியில், முடிவு என்ன, எந்த ஊசி, எத்தனை போட்டாயிற்று, அடுத்தது எப்போது.